குருப்பட்டம் பெறாத ஊழியர்
(தஞ்சை நாட்டு உபதேசியார் இராஜநாயக்கன் வரலாறு)

செஞ்சியிற் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தேசிங்குராசன் கதையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானுக்குப் பணிய மறுத்து, 1714ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயதிற் களத்தில் மாண்ட அவ்விளைஞனையும், அவன் ஏறிய குதிரையையும், அவனுக்காக உயிர் கொடுத்த இசுலாமியத் தோழனையும், தீப்பாய்ந்த இராணியையும் கூத்தும் பாட்டும் நம் காதில் ஓதிக்கொண்டே இருக்கின்றன. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் வைத்து நம் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த பின்னர், வெளியூரார் வருகையும் பெருகியிருக்கிறது. மகிழ்ச்சியே.

ஆண்டுதோறும் நம் பள்ளி மாணவரைக் கோட்டைக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் காட்டி, நாயக்கர், பிஜப்பூரார், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆண்டோர் வரிசையை ஒப்பித்துவருவோம். சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் குறுக்கிட்டு, "ஐயா, ராஜா இருந்த இடம் இது, ராணி இருந்த இடம் அது என்கிறீர்கள். நம்ம ஆட்கள் எங்கே இருந்தார்கள்?" என்று கேட்டான். கல் சுமந்தார்கள், மண் சுமந்தார்கள், அகழி வெட்டினார்கள் என்று நாம் அன்று கூறிய விடை அவனுக்கும் நிறைவளிக்கவில்லை, நமக்கும் நிறைவளிக்கவில்லை. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளின் பெயரை யாவரும் சொல்வர். அவற்றினும் சிறிதாய் நிற்கும் மலைக்குச் சக்கிலிதுர்க்கம் என்று பழைய வரலாற்று நூல்கள் பெயர் தருகின்றன. அப்பெயர் எக்காரணத்தால் வந்திருப்பினும், கோட்டை மதிலுக்குள் நம்மவர் பெயர் தாங்கிய மலை ஒன்று இருந்தது என்பதை மட்டும் அம்மாணவனுக்குக் கைநீட்டிக் காட்டினோம்.

நம்மவர் அக்காலப் படைகளிற் போர்வீரராகவும் இருந்தனர். பாளையக்காரர் படையிலும், அரசர் படையிலும், பின்னர் ஆங்கிலேயரின் சென்னைப் படையிலும் பறையர் திரளாகப் பணியாற்றினர். 'போர்க்குலம்' என்றொரு கொள்கையை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியெழுப்பி நம்மவரைப் படையினின்று விலக்கிய பின்னரே அந்நினைவு மங்கலாயிற்று. அவ்வாறு படையில் நின்ற ஒருவரைப் பற்றியே இவ்வெள்ளி விழா மலரில் எழுத முற்பட்டோம். தேசிங்கு மாண்ட ஆண்டில் அவர் ஏறத்தாழப் பதினான்கு வயதுச் சிறுவர். அவர் வாழ்ந்தது செஞ்சியில் அன்று, தஞ்சையில். அவர் பெயர் இராஜநாயக்கன்.

நம் சங்கத்தில் இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு, அம்பேத்கர் வழியிற் பௌத்தம் தழுவியோரும் உண்டு. எவரையும் எச்சமயத்திற்கும் அழைக்கும் நோக்கம் நமக்கில்லை. நம் பகுதிக் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் கிறிஸ்தவ ஊழியத்தைத் தொடாமல் எழுத முடியாது என்ற காரணத்தாலேயே இதனை எடுத்துக்கொண்டோம்.

அவ்வூழியத்திற்கு நம் செஞ்சியிலேயே பழைய தொடர்பு உண்டு. 1597ஆம் ஆண்டிலேயே பிமெந்தா என்னும் சேசுசபைப் பாதிரியார் இங்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டு, நகரின் பெருமையை வியந்து எழுதினார். 1674இல் அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரிட்டோ தமிழகத்தில் தம் பணியைத் தொடங்கியதும் செஞ்சி நாட்டின் எல்லையை ஒட்டிய ஊரிலேயேயாகும். அவர் பண்டாரசுவாமியாக வந்தவர். பிராமண சந்நியாசிக் கோலம் பூண்ட பாதிரிமார்கள் தாழ்த்தப்பட்டோரோடு வெளிப்படையாகப் பழக இயலாமையால், அவர்களிடம் செல்வதற்கென்றே 1640ஆம் ஆண்டை ஒட்டி ஏற்பட்ட தனிப்பிரிவினர் பண்டாரசுவாமிகள். ஒரே சபைக்குள் மேலோருக்கு ஒரு குரு, கீழோருக்கு ஒரு குரு! 1687இல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட பிரிட்டோ, அங்கேயே தங்கிவிடும் வாய்ப்பிருந்தும் 1690இல் திரும்பி வந்து, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் வெட்டுண்டு மாண்டார். இறுதிவரை நின்றவர் என்பதில் ஐயமில்லை. நமக்கு அணித்தான சேத்துப்பட்டில் நம் மக்களிடையே நெடுங்காலம் உழைத்து 1916இல் மறைந்த தாராஸ் பாதிரியாரின் பெயரையும் நம் பகுதியில் முதியோர் அறிவர்.

இவர்கள் வெளிநாட்டார், துறவியர், குருப்பட்டம் பெற்றவர்கள். இவர்கள் பெயரால் ஆலயங்களும் பள்ளிகளும் உள்ளன. நம்முள்ளேயே பிறந்து, நம்முள்ளேயே உழைத்து, குருவாகத் தகுதியிருந்தும் நம் பிறப்பின் காரணத்தாலேயே அது மறுக்கப்பட்டு, அதன் பின்னரும் சாகுமட்டும் பணியைக் கைவிடாத ஒருவரை நம் இளைஞர் அறிந்திருக்க வேண்டாமா?

இராஜநாயக்கன் 1700ஆம் ஆண்டை ஒட்டித் தஞ்சை நாட்டிற் பறையர் குலத்திற் பிறந்தார். 'நாயக்கன்' என்ற பெயரைக் கண்டு வேறு சாதியாரென எண்ணற்க. அவர் குடும்பம் கத்தோலிக்கச் சமயம் சார்ந்தது. தஞ்சை மராட்டிய மன்னரின் படையிற் சேர்ந்து, சிறு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கும் சேர்வைக்காரர் நிலைக்கு உயர்ந்தார். ஆட்களும் ஆயுதமும் அரசனிடமிருந்து வரும் ஊதியமும் உடைய நிலை அது. அக்காலத்து நம்மவரில் எத்தனை பேர் அதனை எட்டியிருக்க முடியும்?

ஆயினும் அவருக்கு எழுத்து தெரியாது. வளர்ந்து ஆளாகி, படையிற் பணியாற்றும் காலத்திலேயே அவர் படிக்கக் கற்றுக்கொண்டார். இவ்விடத்தில் நாம் சற்று நிற்க விரும்புகிறோம். திண்ணைப் பள்ளியின் திண்ணையில் நம் பிள்ளை ஏற முடியாத காலம். கற்பிப்பாரும் இல்லை, கற்றால் போற்றுவாரும் இல்லை. வாளேந்திய கையால் ஓலையைப் புரட்டி, எழுத்துக்கூட்டி, கிடைத்த சமய நூல்களையெல்லாம் அவர் படித்தார். நம் சங்கத்தின் இரவுப் பாடசாலையில், நாற்பது வயதுக்கு மேல் அரிக்கேன் வெளிச்சத்தில் தம் பெயரை முதன்முறையாக எழுதி அதனையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆதலால் இராஜநாயக்கனின் அந்நாட்கள் நமக்குத் தொலைவானவையாகத் தோன்றவில்லை.

அந்நாளில் தஞ்சை நாட்டின் கடற்கரையில், டென்மார்க்கு அரசரின் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடியில், ஓர் அச்சுக்கூடம் இயங்கிவந்தது. 1706 ஜூலை 9ஆம் நாள் அங்குக் கரையிறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1714–1715இல் அச்சிட்டு வெளியிட்டார். 1719இல் முப்பத்தாறு வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அவர் அச்சிட்ட நூலோ அவர் கால் படாத ஊர்களிலெல்லாம் நடமாடிற்று. மிஷனெரிகள் தரங்கம்பாடி எல்லையைத் தாண்டித் தஞ்சை நாட்டுக்குள் எளிதிற் செல்ல முடியாது. அதற்கு மன்னரின் இசைவு வேண்டும். நூலுக்கு இசைவுச் சீட்டு எவரும் கேட்கவில்லை. அந்நூலின் ஒரு பகுதி இராஜநாயக்கனின் கைக்கு வந்தது.

தமக்கு விளங்கும் மொழியில், இடையில் எவருமின்றி, வேதத்தை அவர் தாமே படித்தார். படித்தவர் வினாக்களை எழுப்பினார். வினாக்களோடு தரங்கம்பாடியாரோடு தொடர்பு கொண்டார். தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதியனுப்பினார். 1720களின் இறுதியிற் சீர்திருத்தச் சபையிற் சேர்ந்து, சேர்வைக்காரர் பதவியைத் துறந்து, தஞ்சை நாட்டில் உபதேசியாராகப் பணியேற்றார். அரச ஊதியம் போயிற்று, ஆயுதம் போயிற்று, மிஷன் கொடுக்கும் சிறுபடியும் ஒரு புத்தகமும் மிஞ்சின.

எதிர்ப்பு உடனே வந்தது. புறத்தாரிடமிருந்து வந்ததினும் தாம் விட்டுவந்த சபையாரிடமிருந்தே மிகுதியாக வந்தது. கத்தோலிக்கருக்கும் தரங்கம்பாடியாருக்கும் அக்காலத்திற் கடும் பூசல். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரே, 1728இல் வேதவிளக்கம் என்னும் நூலை இயற்றித் தரங்கம்பாடியாரை மறுத்தார். அவரும் தமிழுக்குத் தொண்டு செய்தவர், சீகன்பால்குவும் தமிழுக்குத் தொண்டு செய்தவர். பெரியோர் இருதிறத்தாரும் நூலெழுதி வாதிட்டுக்கொண்டனர். அடி விழுந்ததோ எளியவர் முதுகில். இராஜநாயக்கனும் அவர் குடும்பத்தாரும் மிரட்டலுக்கும் தாக்குதலுக்கும் ஆளாயினர். படைத்தலைவராய் இருந்தவர், திருப்பியடிக்கத் தெரியாதவரல்லர். ஆயினும் அவர் அவ்வழியில் இறங்காமல் புத்தகத்தோடு ஊர் ஊராக நடந்தார்.

உபதேசியார் என்பவர் செய்யும் வேலை யாது என்பதை இன்றைய பிள்ளைகள் அறியார். சேரி சேரியாகச் சென்று வேதம் வாசித்துக் காட்டுதல், லூத்தரின் ஞானோபதேசத்தை வினா விடையாக மனப்பாடம் செய்வித்தல், ஞானஸ்நானத்திற்கும் திருவிருந்துக்கும் ஆட்களை ஆயத்தப்படுத்துதல், நோயுற்றோரைக் காணுதல், வழக்குத் தீர்த்தல், பிணம் அடக்கம் செய்தல், நடந்தவற்றை எழுதிவைத்தல், குறித்த காலத்தில் தரங்கம்பாடிக்குச் சென்று அறிவித்தல் இவையனைத்தும் அவருடையவை. தஞ்சையிலிருந்து தரங்கம்பாடி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். காவிரிக் கிளைகள் பலவற்றைக் கடந்து, நடந்தே போய் நடந்தே திரும்ப வேண்டும். பறையர் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தத் தெருவில் நடக்கலாகாது என்ற விதிகளோடு நடக்க வேண்டும்.

உபதேசியார் செய்ய இயலாத பணி ஒன்று உண்டு. அப்பத்தையும் இரசத்தையும் எடுத்து ஆசீர்வதித்துச் சபையாருக்குக் கொடுத்தல் குருப்பட்டம் பெற்றவருக்கே உரியது. ஆதலால் இராஜநாயக்கன் ஆண்டு முழுவதும் கற்பித்து ஆயத்தப்படுத்திய மக்களுக்குத் திருவிருந்து அளிக்க வேறொருவர் வரவேண்டும். அவர் வந்ததும் இவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இந்தியரிலிருந்து குருமார்களை ஏற்படுத்தத் தரங்கம்பாடியார் முன்வந்தபோது, 1733 டிசம்பர் 28ஆம் நாள் ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இந்தியச் சீர்திருத்தச் சபையின் முதற்குரு அவரே. கடலூரில் வேளாளர் குடியிற் பிறந்தவர். மிகுந்த உழைப்பாளி, 1745இல் மறையும்வரை ஓயாது பணியாற்றியவர். அவரைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. அடுத்து இரண்டாவது குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேளை வந்தது. இராஜநாயக்கனின் பெயர் எழுந்தது. அவருடைய ஆற்றலையும் ஊக்கத்தையும் மிஷனெரிகள் மறுக்கவில்லை, ஒப்புக்கொண்டே எழுதினர். ஆனால் அவர் பறையர். அவர் கையால் திருவிருந்து வாங்க உயர்ந்த சாதிக் கிறிஸ்தவர் கூசுவர் என்றும், சபையின் மதிப்பு வெளியாரிடம் குன்றும் என்றும் அஞ்சினர். 1741 டிசம்பர் 28ஆம் நாள் தியோகு என்பவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது.

இதனைப் படிக்குந்தோறும் நம் உள்ளம் கொதிக்கிறது. மறுத்தவர்கள் கொடியவர்களாக இருந்திருப்பின் கொதிப்பு எளிதில் தணிந்திருக்கும். அவர்கள் கொடியவர்கள் அல்லர். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர்கள். நம் மொழியைக் கற்றவர்கள். கடல் கடந்து வந்து இம்மண்ணிலேயே புதையுண்டவர்கள். ஆயினும் தரங்கம்பாடி ஆலயத்திலேயே சூத்திரக் கிறிஸ்தவர் ஒருபுறமும் பறையர்க் கிறிஸ்தவர் ஒருபுறமும் தனித்தனியே அமர்ந்தனர். சாதியை உலக வழக்கமென்று கொண்டு, மெல்ல மெல்ல மாறும் என்று அவர்கள் காத்திருந்தனர். காத்திருக்கும் செலவு அவர்களுடையதன்று, இராஜநாயக்கனுடையது.

அவர் என்ன செய்தார்? பணியைத் தொடர்ந்தார். உபதேசியாராகச் சேர்ந்த நாளிலிருந்து 1771இல் மரணம் வந்து தடுத்த நாள் வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் உபதேசியாராகவே இருந்தார். அந்நாற்பது ஆண்டுகள் தஞ்சைக்கு அமைதியான ஆண்டுகள் அல்ல. மன்னர்கள் மாறினர், அரியணைப் போட்டி நடந்தது. 1749இற் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் தஞ்சையை முற்றுகையிட்டனர். 1758இல் லாலி பெரும்படையோடு வந்து நகரைச் சூழ்ந்தான். அவர் இறந்த 1771ஆம் ஆண்டிலேயே நவாபும் ஆங்கிலேயரும் மீண்டும் முற்றுகையிட்டனர். மன்னர் மாறினாலும் படை மாறினாலும், சேரியில் ஞாயிறுதோறும் வேதம் வாசிக்கும் குரல் மட்டும் மாறாதிருந்தது.

இவ்விடத்தில் நம் இளைஞர் இருவகையாகப் பேசுவர் என்பதை நாம் அறிவோம். இக்கட்டுரைச் செய்தியைச் சங்கக் கூட்டமொன்றில் முன்னரே கூறியபோது அவ்வாறே பேசினர். "அவமானப்படுத்திய சபையைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும், ஐயா" என்றார் ஒருவர். "அவர் பொறுமையே பொறுமை, நாமும் அப்படியே அடங்கி இருக்க வேண்டும்" என்றார் மற்றொருவர். முன்னவரின் சினம் நமக்குப் பிடித்திருந்தது. பின்னவரின் புகழ்ச்சி அச்சமூட்டிற்று. தாழ்த்தப்பட்டவனின் பொறுமையைப் புகழ்ந்து புகழ்ந்தே அவனை வாசற்படியில் நிறுத்திவைப்பது பழைய தந்திரம். இராஜநாயக்கன் உண்மையுள்ளவராக இருந்தார் என்பது, அவருக்கு இழைக்கப்பட்டதைச் சரியாக்கிவிடாது. அவரது உண்மை அவருடையது. அவர்களது பிழை அவர்களுடையது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது.

சபையைத் தூக்கி எறிந்திருக்கலாமே என்பதற்கு நம் விடை இது. அவர் பட்டத்திற்காகப் படையை விட்டவரல்லர். பட்டத்தைவிட மேலான ஊதியமுடைய பதவியைத் துறந்தே வந்தார். தமக்குத் தாமே எழுத்தறிவித்துக்கொண்டு படித்த நூலை, எழுத்தறியாத தம் மக்களுக்கு வாசித்துக்காட்ட வந்தார். அவர் விலகியிருப்பின், அவரைத் தள்ளியவர்களுக்கு என்ன குறை நேர்ந்திருக்கும்? தரங்கம்பாடியில் வேறு உபதேசியார் கிடைத்திருப்பர். தஞ்சைச் சேரியிலிருந்த கிழவிக்கோ கூலியாளுக்கோ வாசித்துக்காட்ட எவர் கிடைத்திருப்பார்? இறுதிவரை நின்றார் என்று சொல்லும்போது, யாருக்காக நின்றார் என்பதையும் சேர்த்துச் சொன்னாலன்றி அச்சொல் நிறைவுபெறாது என்பது நம் கருத்து.

இதனை நாம் ஏட்டளவில் மட்டும் சொல்லவில்லை. நாம் சிறுவராயிருந்தபோது நம் சேரிக்கு முதியவரான உபதேசியார் ஒருவர் மிதிவண்டியில் வருவார். வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கும், பின்னால் துணிப்பை, பைக்குள் வேதப் புத்தகமும் சிலேட்டுக் குச்சிகளும். நம் வீட்டார் மாரியம்மனை வழிபடுவோர். அவர் அதனைப் பொருட்படுத்தியதில்லை. புளியமரத்தடியில் அமரும் பிள்ளைகள் எல்லோருக்கும் அ, ஆ எழுதிக்கொடுத்தார். நாம் பள்ளிக்குச் செல்லுமுன்னரே படிக்கக் கற்றது அவரிடந்தான். திங்களுக்கு ஒருமுறை திருவிருந்து கொடுக்க ஐயர் வருவார். ஐயருக்கு நாற்காலி போடப்படும். உபதேசியார் பாட்டுப் புத்தகத்தோடு ஓரமாக நிற்பார். ஏன் நிற்கிறார் என்று நாம் கேட்டதில்லை. கண்பார்வை மங்கிய பின்னர் மிதிவண்டியை உருட்டிக்கொண்டு நடந்து வந்தார். வராமற்போன வாரத்திற்கு அடுத்த வாரம் அவர் இறந்த செய்தி வந்தது. இராஜநாயக்கனைப் பற்றி முதன்முதல் படித்த நாளில் நம் கண்முன் நின்றது அவருடைய மிதிவண்டியே.

இராஜநாயக்கனுக்கு நேர்ந்தது அவரோடு முடியவில்லை. 1833இற் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாகவும் முழுமையாகவும் ஒழிய வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் கொதித்தெழுந்து சபையைவிட்டு வெளியேறினர். சில ஆண்டுகளில் லைப்சிக் மிஷனிலும் அதே பூசல். சாதியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற தலைவர் கார்ல் கிரவுலை எதிர்த்து, பொறுக்கலாகாது என்று நின்றவர் கார்ல் ஓக்ஸ் என்னும் மிஷனெரி. அவர் அம்மிஷனைவிட்டு விலகி, 1861இல் நம் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கத்திற் பெத்தானியா என்ற பெயரிற் புதிய பணித்தலம் அமைத்தார். பின்னர் டேனிஷ் மிஷன் சங்கத்தோடு இணைந்து, 1873இல் மறையும்வரை அங்கேயே உழைத்தார். ஆற்காடு லுத்தரன் திருச்சபை அங்ஙனம் ஊன்றிய வித்தின் மரமே. கடலூருக்குப் பேருந்திற் செல்லும் நம்மவர் அவ்வூர்ப் பெயரைப் பலகையிற் பார்த்திருப்பர். சாதி கூடாது என்பதற்காக ஒருவர் வந்து ஊன்றிய ஊர் அது என்பதை எண்ணியிரார்.

காலம் ஓரளவு மாறித்தான் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராக 1990 முதல் 1999 வரை இருந்த எம். அசரியா நம்மவர், தலித் கிறிஸ்தவர் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர். கத்தோலிக்கத் திருச்சபையில் 2022 ஆகஸ்டில் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டார். தலித்துகளில் முதல் கர்தினால் அவரே. 1741க்கும் 2022க்கும் இடையே 281 ஆண்டுகள். மெல்ல மாறும் என்று காத்திருந்தோர் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். மறுபுறம், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதிச் சலுகையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இற் சீக்கியருக்கும் 1990இற் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவரான நம்மவருக்குத் திருத்தப்படவில்லை. கோயிலுக்குள் பறையன், சான்றிதழிற் பறையன் இல்லை! தனிக் கல்லறையும் தனி வரிசையும் இன்றும் சில ஊர்களில் இருப்பதை மறைத்துப் பயனில்லை.

இராஜநாயக்கனைப் பற்றி நாம் இவ்வளவேனும் அறிவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அவரைப் போன்ற உபதேசியார்கள் தமிழில் எழுதிய அறிக்கைகளையும் கடிதங்களையும் மிஷனெரிகள் ஜெர்மன் மொழியிற் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினர். அங்கு அவை தொகுதி தொகுதியாக அச்சாகி, ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டன. தஞ்சைச் சேரியில் நடந்ததை அந்நாளைய ஜெர்மானியர் குளிர்காலத்துக் கணப்பருகே அமர்ந்து படித்தனர். நாம் படிக்கவில்லை. ஹாலேயின் ஆவணக் காப்பகம் இன்றும் இருக்கிறது. தஞ்சையில் 1798இல் மறைந்த சுவார்ட்ஸ் ஐயருக்குச் சரபோஜி மன்னர் எழுப்பிய சலவைக்கல் நினைவுச்சின்னத்தைச் சுற்றுலாவிற் சென்றோர் பார்த்திருப்பீர்கள். அவர் 1778இல் தஞ்சையில் நிலைகொள்வதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே அந்நாட்டில் நடந்து திரிந்தவரின் சொற்கள், கல்லில் அன்றித் தாளில், அந்நிய மொழியில் உறங்குகின்றன.

நம் சங்கத்தின் உதவியாற் படித்துப் பட்டம் பெற்றோர் இன்று பல துறைகளில் உள்ளனர். பொறியாளர் உண்டு, செவிலியர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. ஜெர்மன் மொழி கற்றவர் இதுவரை நம்மில் இல்லை. பிள்ளைகளில் ஒருவர் அதனைக் கற்று, இராஜநாயக்கனின் கடிதங்களை மீண்டும் தமிழுக்குக் கொண்டுவர முன்வருவாராயின், அந்நூலை அச்சிடும் செலவில் நம் ஒரு திங்கள் ஊதியத்தை முதற் பங்காகத் தருவதற்கு இம்மலரிலேயே எழுத்தால் உறுதி கூறுகிறோம்.